1,62,000 கிலோமீட்டர் ஓடின ஸ்கோடா லாரா விஆர்எஸ் கார்: என்னை அலைய வச்சது ஒரு சைபர் (0)

நான் வாங்கின பழைய காரோட ஆர்.சி. (பதிவுச் சான்று) நேத்து மத்தியானம் ஸ்பீட் போஸ்ட்ல வந்து சேர்ந்தது. கவரைப் பிரிச்சு என் பேரைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மூணரை மாசம் ஆச்சு. இதுல வண்டி பார்த்து, ஓட்டி, விலை பேசினதெல்லாம் சேர்த்தாப் பத்து நாள்தான். மிச்ச நாளெல்லாம் ஒரு லோன் காகிதத்துக்குப் பின்னால அலைஞ்சிருக்கேன். இதே மாதிரி வண்டி தேடிக்கிட்டு இருக்கிறவங்க யாருக்காவது உதவும்னு, எல்லாம் மறக்கிறதுக்கு முன்னால எழுதிடுறேன்.

வண்டி 2012 ஸ்கோடா லாரா விஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 பிஎஸ், 6 கியர் மேனுவல். மீட்டர்ல 1,62,000. கோயம்புத்தூர் டிஎன் 38 நம்பர். ஓனருக்கு வேலை கோவையில, சொந்த ஊர் வள்ளியூர். வண்டி வள்ளியூர் வீட்டுலதான் நின்னுது. பாளையங்கோட்டையில ஒரு புரோக்கர் மூலமாத் தகவல் வந்தது. காலேஜ் படிக்கையில இருந்து இந்த வண்டி மேல எனக்கு ஒரு கண்ணு. அதனால கிலோமீட்டரைப் பார்த்துப் பின்வாங்கல.

"முந்தின நாள் ராத்திரியில இருந்து ஸ்டார்ட் பண்ணாம வைங்க"ன்னு புரோக்கர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டு, எங்க மெக்கானிக் அண்ணாச்சியைக் கூட்டிக்கிட்டு விடியக்காலையில கிளம்பினேன். நாங்குநேரி டோல் தாண்டும்போது இன்னும் வெளிச்சம் வரல. போய் இறங்கினதும் அண்ணாச்சி சாவியைக்கூடக் கேக்கல. நேராப் போய் உள்ளங்கையை பானெட் மேல வச்சார். என்னையும் வைக்கச் சொன்னார். நல்லாச் சுட்டது.

"தம்பி, இது இப்பத்தான் ஓடி நின்னுருக்கு. இன்னைக்கு இதைக் கேட்டு ஒரு பிரயோசனமும் இல்ல. வாங்க, போவோம்."

புரோக்கருக்குக் கோவம். எல்லாம் ஒண்ணுதானேன்னார். ஒண்ணு இல்ல. இந்த இன்ஜின்ல டைமிங் செயினை (வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாம சேர்ந்து ஓட வைக்கிற செயின்) இறுக்கிப் பிடிக்கிறது ஒரு ஹைட்ராலிக் டென்ஷனர். ஆயில் பிரஷர்லதான் அது வேலை செய்யும். தேஞ்ச டென்ஷனர்னா, ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஒண்ணு ரெண்டு செகண்ட் கடகடன்னு ஒரு சத்தம் வரும். சூடான இன்ஜின்ல அது பெரும்பாலும் வராது. டென்ஷனர் விட்டுப்போய் செயின் பல்லு தாண்டிச்சுன்னா வால்வும் பிஸ்டனும் மோதி, வண்டி விலையில பாதி இன்ஜினுக்கே போயிரும். அந்த ரெண்டு செகண்டைக் கேக்கத்தான் போனோம். அது கிடைக்காம வந்த வழியே திரும்பினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புரோக்கருக்குச் சொல்லல. ஓனர் நம்பரை வாங்கி நேரடியாப் பேசினேன். அவங்க அப்பா ராத்திரி சாவியைத் தன் தலையணைக்கு அடியில வச்சுக்கிட்டுப் படுத்திருக்கார், நல்ல மனுஷர். காலையில பானெட் சில்லுன்னு இருந்தது. அண்ணாச்சி குனிஞ்சு காதை வச்சுக்கிட்டு "போடுங்க"ன்னார். சத்தம் இல்ல. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டுக்கு நான் எத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன்! பெரியவர் ஒரு மஞ்சப்பை நிறையப் பில் கொண்டுவந்து கொடுத்தார். 1,18,000 கிலோமீட்டர்ல செயின், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் மாத்தின பில் அதுல இருந்தது. பில்லுல கிலோமீட்டர் ஏறுவரிசையில போகுதான்னு தேதியோட ஒத்துப் பாருங்க. மீட்டரைத் திருப்பியிருந்தா பெரும்பாலும் அங்கதான் மாட்டும்.

விலையைக் குறைக்க டயர்ல எனக்கு ஒரு பிடி கிடைச்சது. பட்டன் (தரையில படுற வரி) நல்லா இருந்தது, புதுசு மாதிரி. ஆனா பக்கவாட்டுல அச்சடிச்ச நாலு இலக்கம் 2318. 2018-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். ஓடாம நின்னே ரப்பர் இறுகியிருந்தது. நாலு டயர், முன் சஸ்பென்ஷன் புஷ் ரெண்டுக்கும் சேர்த்து 45,000 குறைச்சு 4,30,000-க்கு முடிச்சோம். 25,000 அட்வான்ஸ். ஆர்.சி. என் பேருக்கு மாறின பிறகுதான் கடைசி 50,000 தருவேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டேன். இந்த மூணரை மாசத்துல நான் செஞ்ச நல்ல காரியம் இதுதான்.

ஏன்னா, ஆர்.சி.யில ஹைப்பாத்திகேஷன் (லோன் கொடுத்த பேங்க் பேர்ல இருக்கிற அடமானக் குறிப்பு) இன்னும் இருந்தது. "லோன் எப்பவோ முடிஞ்சிட்டு சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல"ன்னு புரோக்கர் சொன்னார். லோன் முடிஞ்சது நிஜம்தான். ஆனா லோன் முடியிறது வேற, ஆர்.சி.யில இருந்து பேங்க் பேரை எடுக்கிறது வேற. அதுக்கு பேங்க்கோட என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லைங்கிற கடிதம்), பேங்க் சீல் கையெழுத்தோட ஃபாரம் 35 ரெண்டு காப்பியும் வேணும். மஞ்சப்பையில இருந்த என்.ஓ.சி. 2019-ல கொடுத்தது. 90 நாள்தான் செல்லும்னு அதுலயே கீழே பொடி எழுத்துல போட்டிருக்கு. ஆறு வருஷமா யாரும் அதைப் படிக்கல.

புது என்.ஓ.சி. வாங்க, லோன் எடுத்த ஓனரே பேங்குக்குப் போகணும். அவருக்கு லீவு கிடைக்கல, பதினஞ்சு நாள் இழுத்தது. அப்புறம் ஒண்ணு சொன்னேன்: "ஆர்.சி.யில உங்க பேர் இருக்கிற வரைக்கும், நான் ஓட்டிப் போய் எங்கயாவது இடிச்சாலும் நஷ்ட ஈடு கேஸ் உங்க மேலதான் வரும். உச்ச நீதிமன்றமே 2018-ல அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கு." மறுநாளே பேங்குக்குப் போனார். விக்கிறவங்க அசையலைன்னா இதை எடுத்துச் சொல்லுங்க. அவங்களுக்கும் நல்லதுதான்.

ராத்திரி பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் நானே காகிதத்தை வாங்கிட்டு வந்தேன். பேர் மாத்துறதுக்கான ஃபாரம் 29, 30 எல்லாம் ரெடி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுண்டர்ல இருந்த அம்மா என்.ஓ.சி.யில சேஸ் நம்பர் (வண்டிச் சட்டத்துல அடிச்சிருக்கிற அடையாள எண்) மேல பேனாவை ஒவ்வொரு எழுத்தா நகர்த்திக்கிட்டே வந்தாங்க. ஒரு இடத்துல பேனா நின்னுட்டு. "இது சைபர் இல்லீங்க, ஓ-ன்னு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல ஒத்துக்காது. புதுசு வாங்கிட்டு வாங்க."

அங்கயே உக்காந்துட்டேன். அந்த அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல. 17 இலக்க சேஸ் நம்பர்ல ஐ, ஓ, க்யூ இந்த மூணு எழுத்தும் வரவே வராது, ஒண்ணு (1), சைபர் (0) இதுகளோட குழம்பிரும்னுதான் விட்டு வச்சிருக்காங்க. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேங்க் வாசல்ல நின்னு ஒத்துப் பார்க்கல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மடிச்சுப் பையில வச்சுட்டேன். அடிச்சுக் கொடுத்த பேங்க் கிளைக்கு போன் போட்டுக் கேட்டா, "ஓவும் சைபரும் ஒண்ணுதானே, நாங்க மெயில் போடுறோம்"னு பதில். மெயில் வரல. இன்னொரு ராத்திரி பஸ், இன்னொரு நாள் சம்பளம். ரெண்டாவது தடவை கவுண்டர்லயே நின்னு, வண்டி சேஸ்ல இருந்து எடுத்த போட்டோவை வச்சு ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சேன். பின்னால நின்னவங்க முணுமுணுத்தாங்க. படிச்சு முடிச்சுட்டுத்தான் நகர்ந்தேன்.

அதுக்கப்புறம் எல்லாம் வேகமா முடிஞ்சது. பழைய இ-செலான் ரெண்டு நிலுவையில இருந்ததை ஓனரே கட்டிட்டார். இன்சூரன்ஸை மட்டும் தள்ளிப் போடாதீங்க: வண்டி கைமாறின 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும். "ஃபுல் இன்சூரன்ஸ் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு"ன்னு புரோக்கர் சொல்றதை நம்பி ஓட்டினா, எதிராளிக்குத்தான் காப்பீடு நிக்கும். உங்க வண்டி அடிபட்டா கம்பெனி கை விரிச்சுரும். பழைய ஓனரோட நோ கிளைம் போனஸும் (கிளைம் பண்ணாததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். 2027-ல 15 வருஷம் முடியும், எஃப்.சி. (தகுதிச் சான்று) பண்ணிப் பதிவைப் புதுப்பிக்கணும். அந்தச் செலவையும் விலை பேசும்போதே கணக்குல வச்சுக்கோங்க.

நேத்து ஆர்.சி.யை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டு, 50,000-த்தை அப்பவே போட்டுவிட்டேன். சாயங்காலம் அவங்க அப்பா போன் பண்ணினார். "வண்டி எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டார். நாளைக்கு விடியக்காலையில ஆரல்வாய்மொழி வரைக்கும் போறேன், வழியில வள்ளியூர்ல உங்க வீட்டு வாசல்ல நிறுத்துறேன்னு சொல்லியிருக்கேன்.