பெருங்காய டப்பாவில் எல்இடி டெஸ்டர்

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் மத்தியானம் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. ஃபேனடியில் உட்கார்ந்து, ரெண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பியூஸ் போன எல்இடி பல்புகளைத் தரையில் கொட்டினேன். எதில் உயிர் இருக்கிறது என்று பார்க்க, பாக்கெட்டில் போகிற மாதிரி ஒரு டெஸ்டர் வேண்டும். புதிதாக எதையும் வாங்கக்கூடாது.

பழைய ரேடியோ போர்டில், கரண்ட் அதிகமாக ஓடாமல் தடுக்கிற ஒரு ரெசிஸ்டர் கிடைத்தது. மேலே இருக்கிற வண்ணக் கோடுகள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு: 1,000 ஓம். 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட் ரெசிஸ்டரில் விழும். ஓடுவது 7 மில்லியாம்பியர்தான். எரிகிறதா என்று பார்க்க அது தாராளம்.

மே 6, செவ்வாய்

அம்மா காலி செய்த பெருங்காய டப்பா. மூன்று தடவை சோப்பு போட்டும் வாசனை போகவில்லை.

ஒயருக்கு அறுந்துபோன இயர்போன். ஈயம் ஒட்டவே மாட்டேன் என்றது. உள்ளே முடிபோல் இருக்கிற செம்பு இழை ஒவ்வொன்றிலும் வார்னிஷ் பூச்சு. குடியாத்தம் தீக்குச்சி ஒன்றைக் கிழித்து நுனியைச் சுட்டு, கரியைச் சுரண்டின பிறகுதான் பிடித்தது. முனைக்கு இரண்டு குண்டூசி.

மே 8, வியாழன்

செத்த 9 வோல்ட் பேட்டரியின் மண்டையைக் கழற்றி கிளிப் ஆக்கினேன். சிவப்பு ஒயரை அதன் பிளஸ் குமிழில் பற்றவைத்தேன். டார்ச் எல்இடியின் நீளக்காலில், அதாவது பிளஸ் காலில், சிவப்பு முனையை வைத்தால் எரியவில்லை. மாற்றி வைத்தால் எரிகிறது! அரை மணி நேரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன். கிளிப்பைக் கவிழ்த்துத்தானே மாட்டுகிறோம்? அதன் பிளஸ் குமிழ், நல்ல பேட்டரியின் மைனஸில் போய் உட்காருகிறது.

மே 10, சனி

9 வாட் பல்புகளைத் திறந்து, உள்ளே எல்இடி பொட்டுகள் ஒட்டியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட மினுங்கவில்லை. எட்டுத் தட்டும் குப்பைக்கு.

மே 11, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வரவில்லை. எட்டுப் பல்பிலும் எல்லாப் பொட்டும் ஒரேயடியாகச் சாகுமா? அந்த மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று சில்லு வரிசையாக இருந்தால், ஆளுக்கு 3 வோல்ட், அதுவே 9 ஆகிவிடுகிறது. என் பேட்டரியோ மல்டிமீட்டரிலிருந்து கழற்றிய கிழடு.

விடிந்ததும் இன்னொரு பேட்டரியைத் தொடராகச் சேர்த்தேன். தலைகீழாய் வைத்தால் 18 வோல்ட் எல்இடியைக் கொன்றுவிடலாம் என்பதால், பழைய சிஎஃப்எல் போர்டிலிருந்து, ஒரு பக்கமாக மட்டும் கரண்டை விடுகிற டையோடு ஒன்றைப் பிடுங்கி முனைகளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் போட்டேன். அப்புறம் குப்பை வண்டி வருவதற்குள் வாசலுக்கு ஓட்டம்.

முதல் தட்டில் பதினொன்று பளிச்சென்று எரிந்தன. கரும்புள்ளி விழுந்த ஒன்றுதான் எரியவில்லை.

நைனா டப்பாவை வாங்கி முகர்ந்தார். "இன்னாடா இது, ரசம் வாசனை அடிக்குது?"