தொண்டையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்

அன்றிரவு வீடு திரும்பியதும் மூன்று முறை பல் துலக்கினேன். ஈறில் இரத்தம் கசியும் வரை தேய்த்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை, காயம்தான் மிச்சம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆணுறை இல்லாமல் நடந்த வாய்வழி உறவு அது. என்னுடன் இருந்தவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

இரண்டு இரவுகள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் மருத்துவரிடம் போனேன். "பாதுகாப்பில்லாத உறவு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை. யார் வாய், யார் உறுப்பு, விந்து வாய்க்குள் வந்ததா, வாயில் புண் இருந்ததா, பல் பிடுங்கி எத்தனை நாள் என்று வரிசையாகக் கேட்டார். முகம் சூடேறியது. ஆனாலும், வாய் வைத்தது நான்தான், விந்து வாய்க்குள் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். டார்ச் அடித்து ஈறுகளைப் பார்த்தார். "இந்தக் கீறல் அன்றைக்கு முன்பே இருந்ததா?" என்றார். துலக்கிய கதையைச் சொன்னேன்.

வாய்வழி உறவில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று விளக்கினார். வாயில் புண், இரத்தம் கசியும் ஈறு, விந்து ஆகியவை சேர்ந்தால் அது சற்றுக் கூடலாம். ஆசனவாய் உறவோடு ஒப்பிட்டால் அப்போதும் குறைவுதான். தொற்றைத் தடுக்கும் 28 நாள் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். என் விஷயத்தில் அவை தேவையில்லை என்றார். அந்தக் கெடுவுக்குள் நேரில் போய்க் கேட்டதால்தான் இந்தப் பதிலை என்னால் நம்ப முடிந்தது.

அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "எனக்குக் கவலை எச்.ஐ.வி. பற்றி இல்லை, உங்கள் தொண்டையைப் பற்றித்தான்." கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் என்ற பால்வினை நோய்கள் எல்லாம் வாய்வழி உறவில் தொற்றும். தொண்டையில் வரும் கொனோரியா பெரும்பாலும் வலி, காய்ச்சல் எதுவும் காட்டாது. சிறுநீரைப் பரிசோதித்தால் அது தெரியாது. தொண்டையிலேயே மாதிரி எடுக்க வேண்டும். இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் வாய் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் சிறுநீரை மட்டும் சோதித்துவிட்டு, எதுவும் இல்லை என்று நிம்மதியாகத் திரிந்திருப்பேன்.

அன்று இரத்தம் எடுத்தார்கள். அது ஏற்கெனவே ஏதேனும் தொற்று இருந்ததா என்று அறிவதற்காக. புதிய தொற்றை அத்தனை சீக்கிரம் காட்டாது. இரண்டு வாரம் கழித்துப் பஞ்சுக்குச்சியால் தொண்டையின் பின்புறத்தைத் துடைத்தெடுத்தார்கள். குமட்டியது, ஐந்து விநாடிதான். சில நாளில் முடிவு வந்தது: கொனோரியா இருந்தது. தொண்டையில் ஓர் உறுத்தல்கூட இல்லாமல்!

ஒரே ஊசியில் சிகிச்சை முடிந்தது. ஒரு வாரம் உறவு கூடாது என்றார்கள். தொண்டைத் தொற்று சிலரிடம் விடாப்பிடியாக இருக்குமாம், அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. அதில் எதுவும் இல்லை.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது, அன்று என்னுடன் இருந்தவருக்குத் தொலைபேசியில் சொல்வதுதான். குற்றம் சாட்டுவதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று பலமுறை எண்ணை அழுத்திவிட்டு வைத்தேன். கடைசியில், "எனக்கு இருக்கிறது, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டார். மருத்துவமனையின் முகவரியைக் கொடுத்தேன்.

எச்.ஐ.வி.க்கு 45 நாள் கழித்து நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து, கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை செய்தார்கள். தொற்று இல்லை. சிபிலிஸ் மட்டும் வெளிப்பட மூன்று மாதம்வரை ஆகலாம் என்பதால் இன்னொரு முறை போனேன். அதுவும் இல்லை. அன்று வரவேற்பறையில் அவரும் தன் முறைக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.