பங்கைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்

மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. என் பங்கு 30 சதவீதம், மீதி ஓர் அண்ணன் தம்பிக்கு. மனஸ்தாபம் முற்றி நான் இயக்குநர் பதவியை விட்ட மாதமே சம்பளம் நின்றது. டிவிடெண்ட், அதாவது பங்குக்கு லாபத்திலிருந்து தரும் தொகை, ஒரு வருடமும் கொடுத்ததில்லை. லாபத்தைச் சம்பளமாகத்தான் எடுத்து வந்தோம். பங்கு கையில் இருந்தும் பத்துக் காசு வரவில்லை. வெளியாளுக்கு விற்கலாமென்றால் அதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

என் பங்கை வாங்கிக்கொள்ள அவர்கள் முதலில் சொன்ன விலை புத்தக மதிப்பு, அதாவது கணக்கில் எழுதியிருக்கும் சொத்து மதிப்பில் கடனைக் கழித்தால் வருவது. கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆரம்பத்தில் வாங்கிய இயந்திரம் தேய்மானம் போகப் போக வெறும் 1 ரூபாய் என்று நின்றது. அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டடம் இருந்த நிலம் வாங்கிய விலையிலேயே கிடந்தது. நாங்கள் அலைந்து சேர்த்த வாடிக்கையாளர்களுக்குக் கணக்கில் இடமே இல்லை. அப்புறம், பாதிக்கும் குறைவான சிறுபான்மைப் பங்கு என்று சொல்லி அதிலும் 25 சதவீதம் கழித்தார்கள். அதுதான் ரொம்ப வலித்தது. வெளியாள் வாங்கினால் கழிக்கட்டும், அவர் கைக்கு நிர்வாகம் வராது. வாங்குவதே இவர்கள் என்றால் முழுக் கம்பெனியும் இவர்களுடையதாகிறதே! என் வக்கீல் இந்த வாதத்தைக் கடைசிவரை விடவில்லை.

வழக்குக்குப் போகாமல் மத்தியஸ்தர் முன் உட்கார்ந்தோம். இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளர். எந்தத் தேதிக்கு, எந்த முறையில் மதிப்பிடுவது, அந்த 25 சதவீதக் கழிவு உண்டா இல்லையா என்பதை அவர் வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டோம். கழிவு போனது. பணம் தவணையில், கடைசித் தவணை வரும்வரை பங்குப் பத்திரம் பொதுவான ஒருவரிடம் இருக்கும் என்று முடிவானது.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். கையெழுத்துக்கு முந்தைய இரவு வரைவைப் படிக்கும்போதுதான் வங்கிக் கடனுக்கு நான் போட்ட ஜாமீன் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பதவியை விட்டாலும் பங்கை விற்றாலும் ஜாமீன் தானாகப் போகாது, வங்கியே விடுவித்து எழுதித் தர வேண்டும். கம்பெனி நாளைக்குக் கடன் கட்டாவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். "நாங்க பாத்துக்கறோம், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் அண்ணன். மனம் சங்கடப்பட்டது, ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. தம்பி எனக்குப் பதிலாக வேறு ஜாமீன் கொடுத்து, வங்கியிலிருந்து கடிதம் வர ஐந்து வாரம் ஆனது. நான்கே வரிதான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன்.