சைக்கிள் கேமராவில் நேரம் சரியா?

சைக்கிள் கைப்பிடியை உரசுவதுபோல் ஒரு டெலிவரி வேன். பின்கதவில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் வீடியோவின் மூலையில் நேரம் 1 மணி பின்தங்கியிருக்கிறது.

நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பும் புகார் அங்கேதான் நொண்டியடிக்கும். அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார் என்று ஜிபிஎஸ் பதிவையும் ஷிப்ட் பட்டியலையும் வைத்துத்தான் நிறுவனம் பார்க்கும்.

வீடு சேர்ந்ததும் மூலக் கோப்பை எடுத்து வையுங்கள். இடம் நிறைந்ததும் கேமரா பழையதன் மேலேயே பதியும் (லூப் பதிவு); பழையது அழிந்துவிடும்.

வேன் உரசிய இடத்துக்கு முன்னும் பின்னும் 10 விநாடி சேர்த்து வெட்டுங்கள். இல்லையென்றால் ‘சைக்கிள்தான் குறுக்கே வந்தது’ என்பார்கள். அகலக் கோண லென்ஸில் இடைவெளி நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும், அதையும் எழுதுங்கள்.

புகாரில் வண்டி எண், தேதி, சாலை, போன திசை. வசவு வேண்டாம்.

ஓட்டுநரை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லாதீர்கள், பாவம், அவசரப்படுத்துவது பெரும்பாலும் டெலிவரிக்கான நேரக் கெடுதான். என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.