யூகே விசா டிபி டெஸ்ட்: எக்ஸ்ரேல ஏதாச்சும் தெரிஞ்சா என்ன நடக்கும்

ஆறு மாசத்துக்கு மேல தங்குற யூகே விசான்னா இந்தியாவுலேர்ந்து போறவங்க டிபி சர்டிபிகேட் வாங்கியே ஆகணும், அதுவும் யூகே அரசாங்கத்தோட லிஸ்ட்ல இருக்குற கிளினிக்லதான். முக்காவாசி பேருக்கு எக்ஸ்ரேவோட வேலை முடிஞ்சுரும். எனக்கு நுரையீரல் மேல்பக்கம் பழைய தழும்பு மாதிரி தெரியுதுன்னு சளி டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க.

அடுத்தடுத்து மூணு நாள் காலையில போய் சளி குடுக்கணும். தனி ரூம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் நின்னு பாப்பாங்க, எச்சில் துப்பினா ஏத்துக்க மாட்டாங்க, மூச்ச நல்லா இழுத்து அடி நெஞ்சுலேர்ந்து இருமி கெட்டியா வரணும். எனக்கு இருமலே கிடையாது, உப்புத்தண்ணி ஆவி புடிக்க வச்சுதான் எடுத்தாங்க. மைக்ராஸ்கோப்ல நெகட்டிவ்னு வந்தாலும் சர்டிபிகேட் உடனே தர மாட்டாங்க, டிபி கிருமி ரொம்ப மெதுவா வளரும்ங்கறதால சளியில கிருமி வளருதான்னு கல்ச்சர் டெஸ்ட் போட்டு 8 வாரம் வரைக்கும் வச்சுப் பாப்பாங்க. செப்டம்பர் இன்டேக் போச்சு, யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டு ஜனவரிக்கு மாத்திக்கிட்டேன். அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே டெஸ்ட் எடுத்துருங்க.

2012 வரைக்கும் ஹீத்ரோ, கேட்விக்ல இறங்கினதும் அவங்களே எக்ஸ்ரே எடுத்துட்டு இருந்தாங்க, அப்புறம்தான் இத நம்ம ஊருக்குத் தள்ளிவிட்டாங்க, செலவும் நம்ம தலையில. டெஸ்ட் வேணாம்னு சொல்லல. ஆனா எங்க அப்பாவுக்கு டிபி வந்தப்ப அரசு ஆஸ்பத்திரில ஆறு மாச மாத்திரையும் இலவசமா குடுத்து நல்லபடியா குணமாக்குனாங்க, கூடவே ஒரே ரூம்ல படுத்திருந்த எங்களுக்கு ஒரு டெஸ்ட் கூட எடுக்கல. வீட்டுல இருக்குற பெரியவங்களுக்கும் தடுப்பு மாத்திரைங்கறது இந்தியாவுல 2021லதான் கைட்லைனுக்கே வந்துச்சு. உலகத்துல டிபி வர்றவங்கள்ல கால்வாசி பேர் நம்ம நாட்டுல, அப்போ பணத்த இங்க டிபி இருக்குறவங்கள வீடு வீடா தேடிப் போறதுல போட்டாதான் லண்டன்லயும் டிபி குறையும், வாசல்ல நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தா மட்டும் பத்தாது.

எக்ஸ்ரேல தூங்கிட்டு இருக்குற டிபி, அதாவது கிருமி உடம்புல இருந்தும் நோயா மாறாம இருக்குறது, தெரியாது. இங்கிலாந்துல லெஸ்டர் ஊருக்கு வந்து ஜிபிகிட்ட (அங்க குடும்ப டாக்டர்) ரிஜிஸ்டர் பண்ணப்புறம் அதுக்கு ரத்த டெஸ்டுக்கு லெட்டர் வந்துச்சு, பாசிட்டிவ், மூணு மாசம் மாத்திரை, யூரின் ஆரஞ்சு கலர்ல போச்சு, மத்தபடி ஒண்ணும் இல்ல. டெஸ்டும் மாத்திரையும் இலவசம், விசாவுக்கும் ஒண்ணும் ஆகாது, லெட்டர் வந்தா தூக்கிப் போட்டுராம போயிட்டு வந்துருங்க.