சென்னையில் 2.6 சதவீதம், லண்டனில் 60: லாட்-லாங்கை மீட்டராக்கும்போது

கையில் ஒரு கோப்பு நிறைய லாட்-லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) புள்ளிகள் இருக்கின்றன, பேருந்து நிறுத்தமோ ஏரியோ ஏதோ ஒன்று, அவற்றைத் தட்டையான ஒரு படத்தில் வைக்க வேண்டும். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது, உருண்டையான பூமியைத் தட்டையான படமாக்கும் மெர்கேட்டர் சூத்திரம்தான். ஒரு லாக், ஒரு டேன், நாலு அடைப்புக்குறி. அதை அப்படியே காப்பி பண்ணி ஒட்டுகிறோம், படமும் அழகாக வந்துவிடுகிறது, அப்புறம் அதே எண்களை வைத்துத் தூரமும் பரப்பும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். படம் வரைவதற்காக வந்த எண்ணில் தூரத்தை அளப்பதுதான் இந்த விஷயத்தில் முக்கால்வாசிச் சிக்கலுக்குக் காரணம் என்பது என் கட்சி.

ஒரே ஒரு ஊரின் படம் என்றால் மெர்கேட்டர் எதற்கு? நடுவில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வடக்கே எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறதோ அதை 110.6-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கிழக்கே எத்தனை டிகிரியோ அதை 111.3-ஆலும், கூடவே நடுப்புள்ளியின் அட்சரேகையின் கோசைனாலும் பெருக்க வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிக்கொண்டே போகின்றன, அந்த நெருக்கத்தைச் சரிக்கட்டத்தான் இந்தக் கோசைன். சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 13.08, 80.27, தாம்பரம் 12.92, 80.12. வடக்கு தெற்காக 0.16 டிகிரி, அதாவது 17.7 கி.மீ. கிழக்கு மேற்காக 0.15 டிகிரி, கோசைன் போட்டால் 16.3 கி.மீ. பிதாகரஸ் தேற்றப்படி நேர்கோட்டில் 24 கி.மீ. பள்ளிக்கூடக் கணக்கு, அவ்வளவுதான், ஒரு ஊருக்குள் இது தாராளமாகப் போதும். (110.6 என்பது நம் பக்கத்து எண். பூமி துருவத்தில் கொஞ்சம் சப்பை என்பதால் அங்கே ஒரு டிகிரி 111.7 வரை போகும்.)

சரி, மெர்கேட்டர் என்ன செய்கிறது? 1569-ல் ஹெரார்ட் மெர்கேட்டர் அதை வரைந்தது கப்பல்காரர்களுக்காக. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக வர வேண்டும், அது ஒன்றுதான் அவர்களுக்கு முக்கியம். அதற்காக வடக்கே போகப்போக கிழக்கு மேற்காக எவ்வளவு இழுபடுகிறதோ அதே அளவு வடக்கு தெற்காகவும் இழுத்துவிட்டார். எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பு என்றால், ஒன்றை அந்த அட்சரேகையின் கோசைனால் வகுத்தால் வருவது. கிரீன்லாந்து ஊதிப்போன கதையை எல்லோரும் சொல்லியாச்சு, அதை விடுங்கள். நமக்கு வேண்டியது நம் ஊர் எண்கள்.

கன்னியாகுமரியில் இந்த இழுப்பு 1 சதவீதம். சென்னையில் 2.6. டெல்லியில் 14. லண்டனில் 60. ஆன்லைன் மேப்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரிலும், அதாவது மென்பொருள்களில் ஈபிஎஸ்ஜி 3857 என்ற குறியீட்டு எண்ணில் வருவதிலும், இதே கதைதான். அதில் மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி ஒரு பள்ளியைச் சுற்றி 1 கி.மீ. பஃபர், அதாவது சுற்றுவட்டம், வரைந்தால் சென்னையில் நிஜமாகக் கிடைப்பது 974 மீட்டர். யாருக்கும் சந்தேகம் வராது. அதே நிரலை (கோட்) டெல்லிக்குப் போட்டால் 878 மீட்டர், லண்டனுக்குப் போட்டால் வெறும் 620 சொச்சம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பிழை தெரிவதே இல்லை, இங்கே சோதித்துப் பார்த்து ஓகே சொன்ன கோட் வடக்கே போனதும் காலை வாரிவிடுகிறது. பரப்பு என்றால் இன்னும் மோசம், டெல்லியில் ஒரு பூங்கா 30 சதவீதம் பெரிதாகிவிடும்.

வெப் மெர்கேட்டரைத் திட்டவில்லை. உலகத்தை ஒரு சதுரத்துக்குள் அடக்கி, 256 பிக்சல் ஓடுகளாக வெட்டி, எந்த ஜூமிலும் தெருமுனையைச் செங்கோணமாகவே காட்டுகிறது, திரையில் பார்ப்பதற்கு வேறென்ன வேண்டும்? சதுரமாக வர வேண்டும் என்பதற்காகவே 85.05 டிகிரியோடு உலகத்தை நறுக்கிவிட்டார்கள், வட துருவமும் தென் துருவமும் அந்தப் படத்தில் கிடையாது.

அளக்க வேண்டும், ஆனால் ஊரை விடப் பெரிய இடம் என்றால் வழக்கமாகச் சொல்லும் பதில் யூடிஎம் (யுனிவர்சல் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர்) என்ற முறை. பூமியை 6 டிகிரி அகலத்தில் 60 பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மீட்டர் கணக்கு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. 43-ஆம் பட்டைக்கும் 44-ஆம் பட்டைக்கும் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை திண்டுக்கல் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே ஓடுகிறது. கோவை, ஈரோடு, நெல்லை ஒரு பக்கம். சென்னை, சேலம், மதுரை, தூத்துக்குடி மறு பக்கம். மென்பொருள் தானாகவே பட்டையைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால் திண்டுக்கல்லின் கிழக்கு எண் (பட்டைக்குள் கிழக்கு மேற்காக எங்கே என்று சொல்லும் மீட்டர் எண்) சுமார் 8,25,000 என்று வரும், மதுரையின் எண் 1,84,000 என்று வரும். கழித்துப் பாருங்கள், 640 கிலோமீட்டர்! நேர்கோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே 50 கி.மீ. சொச்சம்தான். இரண்டு ஊருக்கும் ஒரே பட்டையைக் கட்டாயமாகக் கொடுத்துவிட்டால் இது தீர்ந்தது, பட்டைக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நின்றாலும் பிழை பெரிதாக வராது. இலங்கைக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, முழுத் தீவும் 44-க்குள் அடங்கிவிடுகிறது.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள். திரையில் ஒய் அச்சு மேலிருந்து கீழே போகும், அட்சரேகை கீழிருந்து மேலே ஏறும், படத்தின் உயரத்திலிருந்து கழிக்க மறந்தால் கன்னியாகுமரி மேலே போய் உட்காரும். பார்த்தவுடன் தெரிகிற பிழை என்பதால் இதற்குப் பயப்பட வேண்டாம். மற்றது வரிசை. பேசும்போது லாட் முதலில், லாங் அடுத்து; மேப் தரவுகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் லாங்தான் முதலில். மாற்றிக் கொடுத்தால் சென்னை சென்ட்ரல் 80 டிகிரி வடக்கே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆர்க்டிக் கடலில் போய் விழும். பைத்தானில் இந்த மாற்றங்களைச் செய்யும் பைப்ராஜ் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள், எண்களை மாற்றித் தரும் டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்கும்போதே ஆல்வேஸ்-எக்ஸ்ஒய் என்பதை ட்ரூ என்று கொடுத்துவிடுங்கள், எல்லா இடத்திலும் லாங் முதலில் என்று ஆகிவிடும்.