டைல்ஸ் வேலைக்கு வந்த விதமும் முதல் வீட்டில் பிசகிய அரை அங்குலமும்

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். போன வாரம் போன் பண்ணி, "மாமா, நானும் உங்களோட டைல்ஸ் வேலைக்கு வரட்டுமா?" என்று கேட்டான். உடனே வா என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வந்த விதம் அப்படி. ஹெல்பராக மூன்று வருடம், தனியாக எடுத்த முதல் வீட்டிலேயே அறைத் தரையைப் பெயர்த்தது, நல வாரிய அட்டைக்காக அலைந்தது எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பிகள் படித்தால், நான் விட்ட காசில் பாதியாவது அவர்களுக்கு மிஞ்சும்.

திட்டம் போட்டு இந்த வேலைக்கு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நான் முதலில் சேர்ந்த செட்டில் ஐந்து பேர். ஒருவர் மொசைக் பாலிஷ் போட்டவர். மொசைக் தரை கேட்கிற ஆள் குறைந்து எல்லோரும் டைல்ஸ் பக்கம் போனதும் மெஷினை விற்றுவிட்டு வந்தவர். இன்னொருவர் கொத்தனார், பூச்சு வேலையில் தோள்பட்டை போனதால் உட்கார்ந்து செய்கிற வேலை தேடி வந்தவர். (உட்கார்ந்து செய்தால் முழங்கால் போகும் என்பது அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.) மேஸ்திரியின் மச்சான் ஒருவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பையன் ஒருவன், பாலிடெக்னிக்கில் இரண்டு அரியரோடு நின்றுவிட்ட நான். 2011 ஜூன், மதுரையில் சேர்ந்தேன். நாள் சம்பளம் 250 ரூபாய்.

முதல் எட்டு மாதம் சுமந்தது மட்டும்தான். இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸ் நாலு கொண்ட பெட்டி 28, 30 கிலோ இருக்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு ஒரே நாளில் 40 பெட்டி ஏற்றியிருக்கிறேன். மணல் சலிப்பது, கலவை போடுவது, சிமெண்ட் பால் (தண்ணீராகக் கரைத்த சிமெண்ட்) கரைப்பது, சாயங்காலம் தரையைத் துடைப்பது. கரண்டி கைக்கு வரவே இல்லை. கேட்டால் "பாரு, பார்த்தாலே வரும்" என்பார் மேஸ்திரி. பார்த்தால் பாதிதான் வரும் தம்பி, மீதி கையில் பட்டால்தான் வரும். அதனால் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், உடைந்த துண்டுகளை எடுத்துப்போய் வெறும் மணலைப் பரப்பி அதன்மேல் வைத்து வைத்துத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சமையலறை மேடைக்கு அடியில் இருக்கும் தரையை, கப்போர்டு வந்தால் மறைந்துவிடுமே, அந்த எட்டடியை என்னிடம் விட்டார். நான் முதலில் ஒட்டிய தரை அதுதான். அப்புறம் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை), கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைப்பது). எல்லோருக்கும் பெரும்பாலும் இந்த வரிசைதான்: மறைகிற இடத்தில் தொடங்கி, ஹாலுக்கு வர இரண்டு மூன்று வருடம்.

இடையில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். 50 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று பெரிய அடுக்குமாடி சைட்டுக்குப் போனேன். அங்கே ஒட்டுகிற ஆள் ஒட்டிக்கொண்டே இருப்பார், சுமக்கிற ஆள் சுமந்துகொண்டே இருப்பார். ஐந்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. சனிக்கிழமையானால் "செலவுக்கு 500 வாங்கிக்கோ, கணக்கைக் கடைசியில் பார்ப்போம்" என்பார் சப் கான்ட்ராக்டர். கடைசியில் ஒருநாள் அவர் போனே எடுக்கவில்லை, மூன்று வாரச் சம்பளம் அப்படியே போனது. மூன்று தடவை பஸ் ஏறி அந்த சைட் ஆபீசுக்குப் போனேன். உன் பெயரே எங்கள் நோட்டில் இல்லை என்றார்கள். அதனால் சொல்கிறேன், கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் மூன்று நாலு பேர் உள்ள சின்ன செட்டில் சேருங்கள், சம்பளம் 50 ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமைக் கணக்கைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். வேலை செய்த நாளைத் தேதி போட்டுச் சின்ன நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அந்த நோட்டு வேறு இடத்திலும் உதவும், பின்னால் சொல்கிறேன்.

மறுபடி பழைய மேஸ்திரியிடமே போய் நின்றேன். ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர்.

2014இல் தனியாக எடுத்த முதல் வேலை, ஊருக்கு வெளியே இரண்டு படுக்கையறை வீடு. தரை 850 சதுர அடி, சதுர அடிக்குக் கூலி 16 ரூபாய் பேசினேன். ஹால் நன்றாக வந்தது. மூலைமட்டம் சரியா என்று 6 அடி, 8 அடி அளந்து குறுக்கே 10 அடி வருகிறதா பார்த்துத்தான் நூல் கட்டினேன், அதில் பிசகில்லை. ஹாலில் இருந்து படுக்கையறைக்கு டியூப் மட்டம் (உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பியது, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்) வைத்துச் சுவரில் குறி எடுத்து, அந்தக் குறியிலிருந்து கீழே அளந்து தரையை ஏற்றினோம். மறுநாள் காலை வாசல்படி இடத்தில் ஹால் டைல்ஸையும் அறை டைல்ஸையும் சேர்க்கப் பார்த்தால், அறை அரை அங்குலம் தூக்கி நிற்கிறது. கதவை மூடிப் பார்த்தேன், அடியில் இடித்து நின்றுவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மட்டக்கட்டையைப் போட்டு, குமிழி பார்த்து மட்டம் சொல்லும் ரசமட்டம் வைத்தால் அறைக்குள் எல்லாம் சரியாகக் காட்டுகிறது. ஆக, அறை மொத்தமும் ஒரே மட்டத்தில், ஆனால் தப்பான உயரத்தில்.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தரையை அவர் பார்க்கவே இல்லை, "டியூபை எடு" என்றார். வெளியே வெயிலில் கொண்டுபோய் இரண்டு முனையையும் மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கும் இடத்தில், தண்ணீருக்கு நடுவே கொண்டைக்கடலையை நீட்டி விட்டதுபோல் காற்றுக் குமிழி நின்றது. அரை அங்குல நீளம். அப்புறம் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்: குமிழி இருந்த பக்கம் தண்ணீர் அதே அரை அங்குலம் ஏறி நின்றது. டியூபை முழுக்கக் கொட்டி, வாளியை உயரத்தில் வைத்து, வாயால் உறிஞ்சி, ஒரே ஓட்டமாக மறுபடி நிரப்பினார். விரலால் சுண்டிச் சுண்டி ஒவ்வொரு குமிழியாக மேலே ஏற்றி வெளியே விட்டார். முனைகளைச் சேர்த்தார். இரண்டு பக்கமும் ஒரே கோடு. என்னைத் திட்டியிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

குறி எடுப்பதற்கு முன்னால் இரண்டு முனையையும் ஒட்டிப் பிடித்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகும். இன்றைக்கும் அதைச் செய்யாமல் நான் ஒரு குறியும் எடுப்பதில்லை. குறி போடும்போது இரண்டு முனையிலிருந்தும் கட்டைவிரலை எடுத்துவிட்டு, தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுங்கள். விரலால் அடைத்திருந்தால் தண்ணீர் தன் மட்டத்துக்கு வராது. இப்போது லேசர் மட்டம் வந்துவிட்டது, என்னிடமும் இருக்கிறது. ஆனால் அது ஒருமுறை கீழே விழுந்தாலே பொய் சொல்ல ஆரம்பிக்கும். சந்தேகம் வந்தால் டியூபில்தான் சரிபார்க்கிறேன்.

அந்த அறையில் ஒட்டியிருந்த 24 டைல்ஸையும் பெயர்த்தோம். முந்தைய நாள் வேலைதான் என்பதால் 15 முழுசாக வந்தது, 9 உடைந்தது. சதுர அடி 45 ரூபாய், டைல்ஸ் ஒன்று 180, ஒன்பதுக்கு 1620. அதோடு இரண்டு நாள் ஆள் கூலி என் கையிலிருந்து. காசைவிடப் பெரிய தலைவலி, கடையில் அதே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) தீர்ந்துபோயிருந்தது. பெயர், மாடல் எல்லாம் ஒன்றுதான், பேட்ச் எண் வேறு. பக்கத்தில் வைத்தால் லேசாக மஞ்சள் தட்டியது. கட்டில் வரும் இடத்திலும் கதவுக்குப் பின்னாலும் அவற்றைப் போடட்டுமா என்று வீட்டம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கேட்டேன். "சரி தம்பி, மறைக்காம சொன்னியே" என்றார். அவர் கணவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, கடன் வாங்கிக் கட்டுகிற வீடு. கணக்கு முடிக்கும்போது பேசிய கூலியில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார்கள்.

பேட்ச் எண்ணும் ஷேடும் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். லாரியில் இருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியாகப் பாருங்கள், கலந்து வந்தால் அப்போதே திருப்பி அனுப்புங்கள். பிரித்த பெட்டியைக் கடைக்காரர் வாங்க மாட்டார். அளவைவிடப் பத்து சதவீதம் கூட வாங்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரர் முகம் சுளித்தாலும். வேலை முடிந்து மிஞ்சும் நாலைந்து டைல்ஸை எறியாமல் பரணில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லித் தராதது. சுவருக்கு ஒட்டும் சாதா செராமிக் டைல்ஸைத் தண்ணீர் டிரம்மில் போட்டால் பொசபொசவென்று குமிழி கிளம்பும். அது அடங்கும் வரை ஊறவைத்துத்தான் சிமெண்டில் ஒட்டுவோம், இல்லையென்றால் சிமெண்டில் உள்ள தண்ணீரை டைல்ஸ் குடித்துவிடும். விட்ரிஃபைடு அப்படி இல்லை. அது தன் எடையில் அரை சதவீதத்துக்குமேல் தண்ணீர் குடிக்காது, அதனால் சிமெண்ட் பாலும் அதன் முதுகில் சரியாகப் பிடிக்காது. போதாததற்கு முதுகில் வெள்ளைப் பொடி வேறு ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் அவசரத்தில் ஒட்டிய என் பழைய வேலை இரண்டு, வருடம் திரும்புவதற்குள் அடியில் பிடிப்பு விட்டு, தட்டினால் டொக் டொக் என்றது. காசு வாங்காமல் போய்ச் சரிசெய்து கொடுத்தேன். இப்போது விட்ரிஃபைடு என்றால் டைல்ஸ் பசைதான், பையில் ஐஎஸ் 15477 (டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண்) என்று போட்டிருக்கிறதா, எந்த வகை என்று பார்த்து வாங்கச் சொல்கிறேன். பசைக்கு யார் காசு, கட்டிங் பிளேடு யார் வாங்குவது, ஸ்கர்ட்டிங் ரன்னிங் அடிக் கணக்கா (நீளத்தை மட்டும் அளப்பது) என்பதையெல்லாம் முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நல வாரிய அட்டைக்கு வருகிறேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு, விபத்துக்கு, 60க்குமேல் ஓய்வூதியத்துக்கு என்று உதவி உண்டு. நாலு வருடம் வேலை செய்தும் நான் பதியவில்லை, 2015இல் போனேன். கட்டுமான வேலைதான் செய்கிறாய் என்பதற்குச் சான்று கேட்டார்கள். ஊரில் கேட்டால் "நீ மதுரையில்தானே வேலை பார்க்கிற, அங்க போய் வாங்கு" என்றார்கள். மதுரையில் கேட்டால் "ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கோ அங்க வாங்கு" என்றார்கள். இப்படியே இரண்டு தடவை அங்குமிங்கும். மூன்றாவது தடவை எல்லாம் கொண்டுபோனால், பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்று ஜன்னல் வழியாகத் தாளைத் திருப்பித் தள்ளினார் அந்த ஊழியர். இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நாலு நாள் கூலி போச்சு. வெளியே ஒருவர் 1500 கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்றார், கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்துக் கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் கூடவே வந்தார். மேஸ்திரி கையெழுத்துப் போட்ட அந்த வேலை நாள் நோட்டைக் காட்டினோம், பெயரைத் திருத்திய கார்டை வைத்தோம், பதிந்தார்கள். இப்போது ஆன்லைனில் பதியலாம். ஆனாலும் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

அக்கா மகனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். முழங்காலுக்குப் பட்டை, கைக்கு ரப்பர் உறை, முகத்துக்கு நல்ல மாஸ்க் மூன்றும் வாங்கி வைத்திருக்கிறேன், சிமெண்டில் விரல்நுனி வெடித்து இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவியது நான் பட்டது போதும். கட்டிங் மெஷினைத் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டக் கூடாது, அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும் என்பதை முதல் நாளே சொல்லப்போகிறேன். பெட்டி தூக்குவான், கலவை போடுவான். மத்தியானம் அரை மணி நேரம் கரண்டி அவன் கையில்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் இப்போது ஓடுகிற வீட்டில் சமையலறை மேடைக்கு அடியில் ஏழெட்டு அடி ஒட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன்.